166 இருந்த இடத்தில் 146

போன மாதம் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து ஒரு போர்டு வந்தது. துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு வெப்பநிலை கன்ட்ரோலர். இசட்-80 ப்ராசஸர், ப்ரோக்ராமை வைத்திருக்கும் 2764 ஈப்ராம் ஒன்று, 6264 ரேம் ஒன்று, வெளியே உள்ளவற்றோடு இணைக்கும் 8255 சிப் இரண்டு, பதினாறு எழுத்து ஓடும் எல்சிடி ஒன்று. செய்து கொடுத்த கம்பெனி மூடி பல வருஷம் ஆகிவிட்டது. சர்க்யூட் டயக்ராம் இல்லை, ப்ரோக்ராமின் மூலப் பிரதி இல்லை, இதே மாதிரி இன்னொரு போர்டும் இல்லை.

கொண்டு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மெனு எல்லாம் நல்லா வருதுங்க. ப்ரோக்ராம் போடலாம், மாத்தலாம். ஸ்டார்ட் குடுத்தா அப்படியே நின்னுக்குதுங்க."

சப்ளை பார்த்தேன், க்ளாக் பார்த்தேன், பழைய கப்பாசிட்டர்களை மாற்றினேன், ரேமை மாற்றினேன். எதுவும் உதவவில்லை. அப்புறம்தான் ஈப்ராமைக் கவனித்தேன். மேலே உள்ள கண்ணாடி ஜன்னலை மூடியிருந்த ஸ்டிக்கர் உரிந்து, பசை மட்டும் மஞ்சளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேனலின் கதவும் சரியாக மூடாது என்று அண்ணன் சொன்னார். அந்த ஜன்னல் வழியாகப் புறஊதா ஒளி போனால் ஈப்ராம் அழியும். அழிப்பதற்கென்றே வைத்த ஜன்னல் அது. ட்யூப்லைட் வெளிச்சம்கூட வருஷக்கணக்கில் பட்டால் போதும்.

சிப்பைக் கழற்றி, ஈப்ராமைப் படிக்கவும் எழுதவும் உதவும் ப்ரோக்ராமர் கருவியில் வைத்துப் படித்தேன். 8192 பைட். அத்தனையும் வெறும் எண்கள். இதைக் கட்டளைகளாகத் திருப்பிப் படித்தால்தான் எங்கே கெட்டிருக்கிறது என்று தெரியும். அதற்கு வேண்டியது டிஸ்அசெம்ப்ளர். இசட்-80க்கு ரெடிமேடாகப் பல இருக்கின்றன. ஆனால் என்னிடம், இசட்-80க்கு நெருங்கிய உறவான இன்டெலின் 8085 ப்ராசஸருக்கு நானே எழுதிய ஒன்று பாதி நிலையில் கிடந்தது. பாலிடெக்னிக் நாட்களில் கட்டளை அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஆப்கோடு (கட்டளைக்கான எண்) எழுதிய பழக்கத்தில், அந்த அட்டையையே ப்ரோக்ராமாக ஆக்கிவைத்திருந்தேன். அதையே இசட்-80க்கு வளர்ப்பது என்று முடிவு செய்தேன். கெட்டுப்போன சிப்பைப் படிக்கும்போது, காட்டப்படும் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதுதான் காரணம்.

முதலில் எண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எல்லோரும் ஹெக்ஸில்தான் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) ஆப்கோடு படித்தோம். பயிற்சிக் கிட்டில் இருந்த கீபோர்டும் ஹெக்ஸ்தான். ஆனால் 8080, 8085, இசட்-80 மூன்றின் கட்டளைகளும் உண்மையில் ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறை) வகுக்கப்பட்டவை. ஹெக்ஸ் எட்டு பிட்டை நான்கு நான்காக வெட்டுகிறது. இந்தச் சிப்களோ இரண்டு, மூன்று, மூன்று என்று வெட்டிப் படிக்கின்றன. ஆக்டலில் ஒரு பைட்டை எழுதினால் அந்த மூன்று துண்டும் மூன்று இலக்கமாக அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதனால் இந்தப் பதிவில் பைட்களும் முகவரிகளும் ஆக்டலில்தான், எண்ணிக்கைகள் மட்டும் வழக்கமான எண்ணில்.

ஒரு பைட்டை எடுத்துப் பார்ப்போம். ஹெக்ஸில் 78. கிட்டில் எத்தனையோ தடவை அடித்த எண். 8085 பாஷையில் "மூவ் ஏ, பி", இசட்-80 பாஷையில் "எல்டி ஏ, பி". பி ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் ஓர் எண்ணை வைக்கும் இடம்) உள்ளதை ஏ-யில் போடு என்று பொருள். 78 என்ற உருவத்தில் ஏ எங்கே, பி எங்கே என்று எதுவும் தெரியாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். அதையே ஆக்டலில் எழுதினால் 170. முதல் இலக்கம் 1 என்றால் "ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்று". நடு இலக்கம் போய்ச் சேரும் இடம், கடைசி இலக்கம் கிளம்பும் இடம். ரெஜிஸ்டர்களுக்கு வரிசை எண் உண்டு: 0 பி, 1 சி, 2 டி, 3 ஈ, 4 எச், 5 எல், 6 என்றால் எச்எல் (எச், எல் இரண்டும் சேர்ந்த முகவரி) காட்டும் நினைவக இடம், 7 ஏ. ஆக 170 என்றால் ஏழுக்குப் பூஜ்யம், அதாவது ஏ-க்கு பி.

இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிப்ளமோ முடித்து ஆறு வருஷம் கழித்து. பரீட்சைக்காக உருப்போட்ட அந்த அட்டை முழுவதும் ஒரே நிமிஷத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்த அலமாரி மாதிரி தெரிந்தது.

முதல் இலக்கம் 2 ஆனால் கணக்கு. நடு இலக்கம் எந்தக் கணக்கு என்று சொல்லும்: 0 கூட்டல், 1 கேரியோடு (முந்தைய கணக்கில் மிஞ்சி வந்த பிட்) கூட்டல், 2 கழித்தல், 3 கேரியோடு கழித்தல், 4 ஆண்ட், 5 எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் மட்டும் ஒன்று), 6 ஆர், 7 ஒப்பிடு. கடைசி இலக்கம் எந்த ரெஜிஸ்டர் என்று. 257 என்றால் ஏ-யோடு ஏ-யை எக்ஸார் செய், அதாவது ஏ-யைப் பூஜ்யமாக்கு. "ஏ-யில் பூஜ்யம் போடு" என்று நேராக எழுதினால் 076 000, இரண்டு பைட். 257 ஒரே பைட். பழைய ப்ரோக்ராமர்கள் எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள். இந்த ஈப்ராமில் எங்கு பார்த்தாலும் 257.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். டிஸ்அசெம்ப்ளரை இரண்டு விதமாக எழுதலாம். "பைட் இதுவானால் இதை அச்சிடு, அதுவானால் அதை அச்சிடு" என்று நீளமாக நிபந்தனைகளாக எழுதிக்கொண்டே போவது ஒன்று. சிப்பைப் பற்றிய அறிவு முழுவதையும் ஒரு அட்டவணையில் வைத்துவிட்டு, அந்த அட்டவணையைப் படிக்க மட்டும் தெரிந்த சின்ன ப்ரோக்ராம் ஒன்றை எழுதுவது இன்னொன்று. நான் செய்தது இரண்டாவது. ஏன் என்றால் அட்டவணையைக் கண்ணால் சரிபார்க்கலாம். டேட்டா ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை வரி மேல் வைத்து, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வரலாம். நிபந்தனைகளாக எழுதிய ப்ரோக்ராமில் அப்படி விரல் வைக்க இடமே கிடையாது.

என் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம். முதலாவது மறைப்பு, எந்தெந்த பிட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவது மதிப்பு, பார்த்த பிட்கள் எப்படி இருந்தால் இந்த வரி பொருந்தும் என்பதற்கு. மூன்றாவது வாசகம், அச்சிட வேண்டிய கட்டளை. வாசகத்தின் நடுவே ஓரெழுத்துக் குறிகள் இருக்கும்: இந்த இடத்தில் நடு இலக்கத்துக்கான ரெஜிஸ்டர் பெயர், இந்த இடத்தில் அடுத்த ஒரு பைட் எண், இந்த இடத்தில் அடுத்த இரண்டு பைட் முகவரி, இந்த இடத்தில் தாவும் தூரம் என்று.

உதாரணத்துக்கு, மறைப்பு 300, மதிப்பு 100. 300 என்றால் மேல் இரண்டு பிட்டை மட்டும் பார். அது 1 ஆக இருந்தால் "எல்டி, நடு ரெஜிஸ்டர், கடைசி ரெஜிஸ்டர்". இந்த ஒரே வரி 64 கட்டளைகளைப் பிடித்துவிடும். ஒரு விதிவிலக்கு: 166. முறைப்படி பார்த்தால் அது "நினைவகத்திலிருந்து அதே நினைவக இடத்துக்கு மாற்று" என்று வந்திருக்க வேண்டும். பயனில்லாத கட்டளை என்பதால் சிப்பை வடிவமைத்தவர்கள் அந்த இடத்தை "ஹால்ட்" கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மறைப்பு 377, மதிப்பு 166 என்று தனி வரி எழுதி, பொது வரிக்கு மேலே வைக்க வேண்டும். மேலே இருப்பது முதலில் பொருந்தும். இந்த 166-ஐ நினைவில் வையுங்கள், திரும்பவும் வரும்.

இப்படி எழுதியதில் முதன்மை அட்டவணை 54 வரியில் முடிந்தது. ப்ரோக்ராம் தொடங்கும்போது இந்த 54 வரியையும் விரித்து 256 கட்டங்களை நிரப்பிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு பைட்டுக்கும் தேடுதல் கிடையாது, கட்டத்தை எடுத்தால் பதில். ஒரே கட்டத்துக்கு இரண்டு வரி போட்டி போட்டால், அது நான் தெரிந்தே வைத்த விதிவிலக்குதானா என்று அப்போதே கேட்டுவிடும்.

8085 படித்தவர்கள் எல்லோருக்கும் "74 கட்டளை, 246 ஆப்கோடு" என்பது மனப்பாடம். அந்த 246 எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. அட்டவணையை நிரப்பும்போதுதான் எனக்கே விளங்கியது. 1974-இல் வந்த 8080-இல் 256 கட்டத்தில் 12 காலி. மீதி 244. 8085 அந்தக் காலியிடங்களில் இரண்டை எடுத்துக்கொண்டது, 040-இல் ரிம், 060-இல் சிம் என்ற கட்டளைகள். அதனால் 246. இன்டெலை விட்டு வெளியே வந்து சைலாக் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபெடரிகோ ஃபாஜின், அவரோடு வேலை செய்த மசாதோஷி ஷிமா இவர்கள் 1976-இல் கொண்டுவந்த இசட்-80, 8080-க்கு எழுதிய ப்ரோக்ராமை அப்படியே ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் புதுக் கட்டளைகளுக்கு மிச்சம் இருந்தது அந்த 12 காலிக் கட்டம் மட்டும்தான்.

அந்த 12-ஐ ஆக்டலில் எழுதிப் பாருங்கள். 010, 020, 030, 040, 050, 060, 070. இவை ஏழு. மீதி ஐந்து: 313, 331, 335, 355, 375. முதல் ஏழில் பெரும்பாலும் சின்னத் தாவல்களை வைத்தார்கள். 331-இல் ரெஜிஸ்டர் கூட்டத்தையே மாற்றிக்கொள்ளும் கட்டளை. மிச்சம் நான்கையும் கட்டளையாகவே செலவழிக்காமல் கதவாக்கிவிட்டார்கள். 313 வந்தால் அடுத்த பைட்டை வேறோர் அட்டவணையில் பார். 355 வந்தால் இன்னோர் அட்டவணை. 335 வந்தால் எச்எல் என்று வரும் இடத்தில் எல்லாம் ஐஎக்ஸ் என்று படி, 375 வந்தால் ஐஒய் என்று படி. பன்னிரண்டு காலி மனையில் ஒரு ஊரையே கட்டிய கெட்டிக்காரத்தனம் இது. எனக்கு இதில் இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

அட்டவணைக்கு இது ரொம்ப வசதி. வாசகம் இருக்க வேண்டிய கட்டத்தில் "இந்த அட்டவணைக்குப் போ" என்று எழுதிவிட்டால் முடிந்தது. 313-க்கு உரிய அட்டவணையில் 256 கட்டத்துக்கும் சேர்த்து நாலே வரி: சுழற்று, பிட்டைச் சோதி, பிட்டை அழி, பிட்டை ஏற்று. 355-க்கு உரியதில் பெரும்பாலும் காலி. அந்தக் காலிக்கும் அர்த்தம் உண்டு. படித்துக்கொண்டே போகும்போது காலிக் கட்டத்தில் கால் பட்டால், நாம் கட்டளையை விட்டு வழிதவறி எங்கோ தகவல் பகுதியில் நடந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

335-தான் கொஞ்சம் படுத்தும். எச்எல்-லை ஐஎக்ஸ் ஆக்கு என்று பொதுவாகச் சொன்னாலும், 335 146 005 என்று வந்தால் அது "எச்-இல், ஐஎக்ஸ் கூட்டல் 5 காட்டும் இடத்தில் உள்ளதைப் போடு". நினைவக இடம் மாறும், பக்கத்திலேயே இருக்கும் எச் மாறாது. டிஈ-யையும் எச்எல்-ஐயும் இடம் மாற்றும் 353-க்கு முன்னால் 335 வந்தால் எதுவுமே மாறாது. இன்னும் ஒன்று: 335 313 என்று இரண்டு கதவும் அடுத்தடுத்து வந்தால், மூன்றாவது பைட் தூரம், நாலாவதுதான் கட்டளை. 335 313 003 106 என்றால் "ஐஎக்ஸ் கூட்டல் 3-இல் உள்ளதன் பூஜ்யம் பிட்டைச் சோதி". அட்டவணையில் அந்தக் கதவுக்கு மட்டும் "முதலில் தூரத்தை எடுத்து வைத்துக்கொள்" என்று ஒரு குறி சேர்க்க வேண்டியிருந்தது.

இனி, நான் செய்த தவறு. இதைச் சொல்லத்தான் பதிவையே எழுத ஆரம்பித்தேன்.

முதலில் என் அட்டவணையில் நான்காவது கட்டம் ஒன்று இருந்தது: கட்டளையின் நீளம், எத்தனை பைட் என்று. 8085 அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். 355 103 என்பது "பி, சி ரெஜிஸ்டர் ஜோடியை (சுருக்கமாகப் பிசி) இந்த முகவரியில் எழுது". கதவு ஒன்று, கட்டளை ஒன்று, முகவரி இரண்டு, மொத்தம் 4 பைட். நான் அந்தக் கட்டத்தில் 2 என்று அடித்துவிட்டேன்.

ஈப்ராமில் இருந்தது இது: 355 103 020 200 076 005 323 020. சரியாகப் படித்தால் மூன்று கட்டளை. பிசி-யை ரேமில் எழுது, ஏ-யில் 5 போடு, அதை 020 என்ற போர்ட்டுக்கு (வெளியே போகும் வாசல்) அனுப்பு. முகவரியின் கீழ் பைட் முதலில் வரும், அதனால் 020, பிறகு மேல் பைட் 200.

என் ப்ரோக்ராம் முதல் கட்டளையைச் சரியாகவே அச்சிட்டது. வாசகத்தில் முகவரிக் குறி இருந்ததால் எட்டிப் பார்த்து முகவரியையும் எடுத்துக்கொண்டது. ஆனால் நீளம் 2 என்று நம்பி, 020-லிருந்து அடுத்த கட்டளையைத் தொடங்கியது. 020 என்பது இசட்-80-இல் "பி-யில் ஒன்று குறை, பூஜ்யம் ஆகவில்லையென்றால் தாவு". 200 தாவும் தூரம், பின்னால் 128. அதன் பிறகு 076, எல்லாம் பழையபடி சரி.

இரண்டு பைட் தவறி, இரண்டே பைட்டில் திரும்பத் தடத்தில் ஏறிக்கொண்டது. குப்பையாக வந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். வந்ததோ நம்பத் தகுந்த ஒரு வரி. ப்ரோக்ராமை எழுதியவர் மேலே பிசி-யைச் சேமிக்கிறார், கீழே பி-யைக் குறைத்துச் சுற்றுகிறார், சரியான லூப் மாதிரியே இருந்தது. இந்த லூப்பில்தான் போர்டு மாட்டிக்கொள்கிறது என்று நினைத்து இரண்டு சாயங்காலம் அதன் பின்னாலேயே போனேன். காகிதத்தில் படம் போட்டேன். பி-யில் என்ன மதிப்பு வரும் என்று மேலே மேலே தேடினேன்.

மூன்றாம் நாள்தான் அந்தத் தாவல் போய்ச் சேரும் இடத்தை எண்ணிப் பார்த்தேன். கட்டளை முடிந்த இடத்திலிருந்து 128 பைட் பின்னால். அங்கே ஒரு மூன்று பைட் கட்டளை இருந்தது. தாவல் அதன் நடு பைட்டில் விழுந்தது. கட்டளைகளை எண்களாக்கும் எந்த அசெம்ப்ளரும் சாதாரணமாக அப்படி ஒரு தாவலைப் போடாது. அப்போதுதான் லூப் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, என் அட்டவணைதான் அதை உண்டாக்கியது என்று புரிந்தது.

அந்த 2-ஐ 4 ஆகத் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீளம் என்ற கட்டம் இருக்கும்வரை இதே தவறு இன்னொரு வரியில் ஒளிந்திருக்கும். வாசகத்தில் முகவரிக் குறி இருக்கிறது என்றாலே இரண்டு பைட் வேண்டும் என்று அர்த்தம். அதையே இன்னொரு கட்டத்தில் எண்ணாக எழுதியதால்தான் இரண்டும் முரண்பட இடம் கிடைத்தது. அந்தக் கட்டத்தையே நீக்கினேன். இப்போது குறிகளே பைட்டை எடுக்கும். எடுத்த இடத்திலிருந்து அடுத்த கட்டளை தொடங்கும். நீளம் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை, அதனால் தவறாக எழுதவும் முடியாது.

கூடவே இரண்டு சோதனைகளைச் சேர்த்தேன். எந்தத் தாவலாவது ஒரு கட்டளையின் நடுவில் விழுந்தால் உடனே எச்சரிக்கை. இரண்டாவது, வந்த பட்டியலை அசெம்ப்ளரில் கொடுத்துத் திரும்ப மெஷின் கோடாக்கி, மூல 8192 பைட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. இந்தச் சோதனை முதலிலேயே இருந்திருந்தால், அந்த லூப் இரண்டு பைட் கூடுதலாக வந்து நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்த சிக்கல், எது கட்டளை, எது தகவல் என்பது. முதல் பைட்டிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படித்துக்கொண்டே போவது சுலபம், ஆனால் எழுத்துகளையும் எண் பட்டியல்களையும்கூடக் கட்டளை என்று படித்துவிடும். இந்தப் போர்டில் எல்சிடியில் காட்டும் சொற்கள் கட்டளைகளின் நடுவிலேயே இருந்தன. வேறொரு பகுதியைக் கூப்பிடும் "கால்" கட்டளை, உடனே அதன் பின்னால் சொல், கடைசியில் ஒரு பூஜ்யம், அதற்கப்புறம் கட்டளைகள் தொடரும். கூப்பிடப்பட்ட பகுதி, தான் திரும்ப வேண்டிய முகவரியையே எடுத்து, அங்கிருக்கும் எழுத்துகளைப் பூஜ்யம் வரை காட்டிவிட்டு, அதற்கு அடுத்த இடத்துக்குத் திரும்பும்.

"ஸ்டாப்" என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்தும் ஆஸ்கியில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) 123, 124, 117, 120. நாலுமே 1-இல் தொடங்குகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாமே 101-லிருந்து 132 வரை, அதாவது முழுவதும் எல்டி வீட்டுக்குள். அதனால் அந்தச் சொல்லைக் கட்டளையாகப் படித்தால்: டி-யில் ஈ, டி-யில் எச், சி-யில் ஏ, டி-யில் பி. கடைசிப் பூஜ்யம் "ஒன்றும் செய்யாதே". காலிக் கட்டமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் டி-யில் ஒன்றைப் போட்டு, அதைப் பயன்படுத்தாமலே அடுத்த வரியில் டி-யிலேயே இன்னொன்றைப் போடுகிற ப்ரோக்ராமர் யாரும் கிடையாது. பட்டியலில் எல்டி எல்டி என்று வரிசையாக வந்தால் அங்கே சொல் இருக்கிறது என்று இப்போது கண் பழகிவிட்டது.

அதனால் வரிசையாகப் படிப்பதை விட்டு, வழியைப் பின்தொடரும் முறைக்கு மாறினேன். இசட்-80 கண் விழிப்பது பூஜ்யம் முகவரியில். இந்தப் போர்டில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை) வந்தால் 070. இந்த இரண்டு இடத்திலிருந்தும் தொடங்கி, தாவல் வந்தால் அது போகும் இடத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, கால் வந்தால் இரண்டு பக்கமும் போய், திரும்பு என்று வந்தால் நின்று. எங்கே தாவும், எங்கே நிற்கும் என்பதையும் அட்டவணையின் வரியிலேயே ஒரு குறியாகச் சேர்த்தேன். சொல்லைக் காட்டும் அந்தக் காலுக்கு மட்டும், "இதன் பின்னால் பூஜ்யம் வரை எழுத்து" என்று இந்தப் போர்டுக்கான தனிக் குறிப்பு.

பின்தொடர முடியாத இடம் ஒன்று உண்டு: 351. "எச்எல்-இல் உள்ள முகவரிக்குத் தாவு." எச்எல்-இல் என்ன இருக்கும் என்பது ஓடும்போதுதான் தெரியும். அங்கே ப்ரோக்ராம் நின்று, "இங்கே நீயே பார்த்துக்கொள்" என்று முகவரியைக் கொடுத்துவிடும். எனக்குக் கிடைத்தது இரண்டு இடம்.

முதல் இடத்தில் 351-க்கு முன்னால் இருந்தது: 176 043 146 157 351. ஏ-யில் எச்எல் காட்டுவதைப் போடு, எச்எல்-ஐ ஒன்று கூட்டு, எச்-இல் எச்எல் காட்டுவதைப் போடு, எல்-இல் ஏ-யைப் போடு, தாவு. முகவரிப் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை எடுத்து அங்கே குதிக்கும் வழக்கமான ஐந்து பைட். எந்தக் கீயை அழுத்தினால் எங்கே போவது என்பதற்கு இது.

இரண்டாம் இடத்தில்: 176 043 166 157 351.

166. ஹால்ட். ஐந்து பைட்டும் அப்படியே, நடுவில் ஒன்று மட்டும் வேறு. முகவரியின் பாதியை ஏ-யில் எடுத்தாயிற்று, மறு பாதியை எச்-இல் எடுக்க வேண்டிய இடத்தில் சிப் நின்று இன்டரப்டுக்காகக் காத்திருக்கிறது. டைமர் இன்டரப்ட் வந்து எழுப்பிவிட்டால் தொடர்கிறது, ஆனால் எச்-இல் பட்டியலின் சொந்த முகவரியே மிச்சம் இருக்கிறது. குதிப்பது சம்பந்தமே இல்லாத ஓரிடத்துக்கு. இந்த இரண்டாவது பகுதியின் வேலை, நிரப்பு, சூடாக்கு, பிடித்து வை, வடி என்று சாயம் போடும் படிகளை ஒவ்வொன்றாக ஓட்டுவது. மெனு நன்றாக வருவதும், ஸ்டார்ட் கொடுத்தால் நின்றுபோவதும், அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் இங்கே இருந்தது.

146-க்கும் 166-க்கும் நடு இலக்கம்தான் வித்தியாசம். பிட்களாக எழுதினால் 4 என்பது 100, 6 என்பது 110. ஒரே ஒரு பிட், பூஜ்யமாக இருந்தது ஒன்றாகியிருக்கிறது. அழிந்த ஈப்ராமில் எல்லா பிட்டும் ஒன்று. எழுதும்போது மின்னேற்றம் வைத்துப் பூஜ்யமாக்குகிறோம். ஏற்றம் கசிந்தால் பூஜ்யம் ஒன்றாகத் திரும்பும். திசையும் பொருந்தியது.

இதே முறைதான் பெரிய இடங்களிலும். ஜிஎன்யு பின்யுடில்ஸ் என்ற மென்பொருள் கருவித் தொகுப்பில், ரிஸ்க்-வி என்ற ப்ராசஸர் வகையின் கட்டளைகளுக்கு மறைப்பும் மதிப்பும் கொண்ட வரிகளாகவே அட்டவணை இருக்கிறது. அங்கே அடிப்படைக் கட்டளை 32 பிட், கூட்டும் ஒரு கட்டளைக்கு மறைப்பு ஆக்டலில் 070177, மதிப்பு 023. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரும் ரிஸ்க்-வி என்பதால் அதற்கும் அதே வரிதான். இன்டெலின் எக்ஸ்86 வேறு ரகம், ஒரு கட்டளை 15 பைட் வரை நீளும், அட்டவணைக்குள் அட்டவணை என்று ஆழமாகப் போகும். அதைத் தொடுகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

166-ஐ 146 ஆக்கி, புது 2764 ஒன்றில் எழுதினேன். ஒன்றைப் பூஜ்யமாக்குவதுதானே, பழைய சிப்பிலேயே அழிக்காமல் எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு செல் கசிந்த சிப்பில் அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. மீதி 8191 பைட்டையும் பட்டியலை வைத்து வரி வரியாகப் படித்தேன், நான்கு நாள் ஆனது. கட்டளைகளில் வேறு எதுவும் பொருந்தாமல் தெரியவில்லை. சென்சாருக்கான எண் பட்டியலை மட்டும், அடுத்தடுத்த மதிப்புகள் ஒரே சீராக ஏறுகின்றனவா என்று கழித்துப் பார்த்து உறுதி செய்தேன்.

போர்டை மாட்டிய அன்று நானும் திருப்பூர் போயிருந்தேன். அண்ணன் ஸ்டார்ட் அழுத்தினார். வால்வு திறந்து தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் எல்சிடியைப் பார்க்கவே இல்லை, குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எறங்குதுங்க தம்பி" என்றார்.

கிளம்புமுன் ஈப்ராம் ஜன்னலின் மேல் அலுமினிய டேப் ஒட்டி, அதன் மேல் தேதி எழுதினேன். பட்டியலை அச்செடுத்து, பேனல் கதவின் உள்பக்கம் ஒரு ப்ளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். இரண்டாவது 351-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 146 என்று வட்டமிட்டிருக்கிறது.